கைராசிக்கு உரிமம் உண்டா?

சியாட்டலுக்குப் பக்கத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது என் மனைவிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மகள் ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கி அழைத்துப்போனாள். நீலச் சட்டை போட்ட ஓர் இளம்பெண் எங்களை உள்ளே கூப்பிட்டார். எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார், சாப்பிடும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் ஏற்றினார். அதற்கே இருபது நிமிடம் ஆனது. டாக்டர் வந்து பேசியது எட்டு நிமிடம். வெளியே வந்ததும் மனைவி, "அந்த நர்ஸ் பொண்ணுக்கு நல்ல கைராசி, குத்தினதே தெரியல" என்றாள். "அவங்க நர்ஸ் இல்லம்மா, எம்.ஏ." என்று மகள் திருத்தினாள். மனைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எம்.ஏ. படிச்சிட்டு ஏன் இந்த வேலைக்கு வந்திருக்கு?"

நம் ஊரில் எம்.ஏ. என்றால் முதுகலைப் பட்டம். அங்கே அது மெடிக்கல் அசிஸ்டென்ட், அதாவது மருத்துவ உதவியாளர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறுநகரத்தில் கிளினிக் வைத்திருந்தவன் நான் என்பதால், அன்று என் கண் டாக்டரைவிட அந்தப் பெண்ணின் கைமேலேயே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறையின் இணையதளத்தைத் திறந்தேன். அங்கே உரிமம் பெற்ற எந்த உதவியாளரின் பெயரையும் போட்டு, அவர் என்ன வகை, உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். காசு கிடையாது. நானும் பார்த்தேன். (அந்தப் பெண் என்னை மன்னிக்க வேண்டும்.)

அமெரிக்கா முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கல் அசிஸ்டென்டாக வேலை செய்ய அரசு உரிமம் எதுவும் தேவையில்லை. தெற்கு டகோட்டாவில் அரசு வாரியங்களில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வாஷிங்டன் இன்னும் ஒருபடி மேலே போய், தனிச்சட்டமே இயற்றியது. மற்ற இடங்களில் இப்படிச் சட்டம் கொண்டுவர முயல்கிறவர்களும் தடுக்கிறவர்களும் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தூரத்துச் சண்டைதான். ஆனால் அதே கேள்வி இப்போது நம் வாசலுக்கும் வந்திருக்கிறது என்பதால், அங்கே என்ன நடந்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்பதில் நமக்கு லாபம் உண்டு.

முதலில் ஆட்களைப் பார்ப்போம். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகக் கணக்கில் 2022-ல் ஏறத்தாழ 7.64 லட்சம் பேர் இந்த வேலையில் இருந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பெண்கள். 2023-ல் இவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 42,000 டாலருக்குக் கீழே சம்பாதித்தார்கள். பதிவு பெற்ற நர்ஸுக்கு அதே அளவுகோல் 86,070 டாலர். இரண்டு பேரும் நீலச் சட்டைதான் போடுகிறார்கள், இருவரையும் நோயாளி 'நர்ஸ்' என்றுதான் கூப்பிடுகிறார். சம்பளச் சீட்டில் மட்டும் வித்தியாசம் தெரியும்.

இந்த வேலை எப்படிப் பிறந்தது என்பது எந்தக் கிளினிக் டாக்டருக்கும் சொல்லாமலே விளங்கும். டாக்டரின் முன்னறையில் போன் எடுக்கவும் பில் போடவும் ஓர் ஆள். கூட்டம் கூடும்போது அவரே எடை பார்ப்பார். பிறகு பிரஷர். பிறகு கட்டு மாற்றுவது. கடைசியில் ஊசி. 1956-ல் இவர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் உருவானது. பின்னர் அந்தச் சங்கம் தானே ஒரு தேர்வு வைத்துச் சான்று கொடுக்கத் தொடங்கியது. இன்று அதுபோல் தேர்வு நடத்தும் அமைப்புகள் பல. ஆனால் எதுவும் அரசு கொடுக்கும் உரிமம் ஆகாது. சட்டத்தின் பார்வையில், டாக்டர் தன் உரிமத்துக்கு அடியில் இந்தக் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். கை தவறினால் பொறுப்பு டாக்டருடையது. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

டாக்டர் எதை ஒப்படைக்கலாம் என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் கூத்து. நியூயார்க்கில் உரிமம் இல்லாத உதவியாளர் ரத்தம் எடுக்கலாம், இ.சி.ஜி. எடுக்கலாம், ஆனால் ஊசி போடக் கூடாது, தடுப்பூசிகூடக் கூடாது. ஹட்சன் நதியைத் தாண்டி நம்மவர்கள் நிறைந்த நியூ ஜெர்சிக்குப் போனால், சான்று பெற்ற உதவியாளர் டாக்டரின் மேற்பார்வையில் ஊசி போடலாம். நதிக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் சேவை. கனெக்டிகட்டில் நெடுங்காலம் தடை இருந்தது. 2022-ல்தான் சான்றும் தனிப் பயிற்சியும் பெற்றவர்கள் தடுப்பூசி போடலாம் என்று சட்டம் வந்தது. கொரோனா காலத்தில் ஊசி இருந்தும் போடக் கை பற்றாமல் தவித்த அனுபவம் அதற்கு முன்னால் இருந்தது என்பதை மறக்க வேண்டாம். மனிதத் தசை எல்லா மாநிலத்திலும் ஒன்றுதான், சட்டமன்றங்கள்தான் வேறு.

கலிஃபோர்னியா விதியைப் படித்தபோது முதலில் சிரித்தேன். அங்கே மெடிக்கல் அசிஸ்டென்டுக்கு உரிமம் இல்லை. ஆனால் வயது 18 ஆகியிருக்க வேண்டும். ஊசி போடுவதற்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி. தசையில் 10, தோலுக்கு அடியில் 10, தோலுக்குள் 10 என்று ஊசி போட்டுக் காட்ட வேண்டும். ரத்தம் எடுக்கத் தனியாக இன்னொரு 10 மணி நேரம், 10 முறை நரம்பில் குத்திக் காட்டுவது. அதே மாநிலத்தில் முடிவெட்டும் தொழிலுக்கு உரிமம் வாங்க 1,000 மணி நேரப் பயிற்சி வேண்டும். கத்தரி பிடிக்க ஆயிரம், ஊசி பிடிக்கப் பத்து! உரிமச் சட்டம் வேண்டும் என்பவர்கள் இந்த ஒப்பீட்டை விட மாட்டார்கள்.

ஒப்பீடு முழு நியாயமானது என்று சொல்ல மாட்டேன். முடிவெட்டுபவர் தனியாகக் கடை போடலாம். உதவியாளர் டாக்டர் கட்டடத்துக்குள் இருக்கும்போதுதான் ஊசியைத் தொடலாம். ஆயிரம் மணி நேரம் என்பதே முடிதிருத்தும் பள்ளிகளின் வருமானத்துக்காக ஊதப்பட்ட கணக்கு என்று வாதிடுபவர்களும் உண்டு. இருந்தாலும் அந்தப் 'பத்து' என் மனதில் ஒட்டிக்கொண்டது. என் கிளினிக்கில் அந்த எண் என்னவாக இருந்தது என்று யோசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பிளஸ் டூ முடித்த ஒரு பெண் ஓ.பி. சீட்டு எழுத என்னிடம் வேலைக்கு வந்தார். ஒரு மழைக்காலம். ஊரெல்லாம் காய்ச்சல். என்னிடமிருந்த படித்த நர்ஸ் திருமணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். வாசலில் எண்பது பேர். நான் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு சிரிஞ்சையும் ஒரு சாத்துக்குடியையும் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் பழகிக்கொண்டார். அடுத்த வாரம் மனிதர்கள். பிட்டத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கக் கால்பகுதியில்தான் குத்த வேண்டும் என்று வாயால் சொன்னேன். ஒரு படம் வரைந்துகூடக் காட்டவில்லை. பத்து மணி நேரம் எங்கே, பத்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

இரண்டாவது மாதம் ஒரு சிறுவனுக்கு ஊசி இடம் தவறியது. கால் மரத்துப்போய் மூன்று வாரம் நொண்டினான். நல்லவேளை, முழுதாகத் தேறிவிட்டான். அவன் அப்பா மூட்டை தூக்குபவர். என்னிடம் வந்து, "அந்தப் பொண்ணுக்குக் கைராசி இல்ல சார், இனி நீங்களே போடுங்க" என்று கும்பிட்டுச் சொன்னார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரில் யாரும் கேட்கவில்லை. டாக்டரின் உரிமத்துக்கு அடியில் கை இருக்கிறது, பொறுப்பு டாக்டருடையது என்ற கோட்பாடு நடைமுறையில் எப்படி முடிகிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு அந்தப் பெண் நன்றாகவே தேர்ந்தார். சில ஆண்டுகளில் குழந்தைகளை அவரிடம்தான் நீட்டினார்கள். அதே ஊர், அதே கை, இப்போது கைராசிக்காரி. நம் ஊரின் உரிம முறை இதுதான்: ஊர்வாய் கொடுக்கும், ஊர்வாயே பறிக்கும். ஒருவர் 'சிஸ்டர்' ஆவதற்கு வெள்ளைக் கோட்டு தைக்கிற தையல்காரர் போதும்.

ஆகவே, 'உரிமச் சட்டம் வேண்டும்' என்பதுதான் என் சாய்வு. ஆனால் எந்த உரிமம்? அமெரிக்கச் சண்டையில் கற்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

அங்கே உரிமம் கேட்பவர்களும் மறுப்பவர்களும் எல்லோரும் நோயாளியின் பெயரைத்தான் சொல்கிறார்கள். சற்றுத் தோண்டினால் அவரவர் கணக்கு வேறு. தேர்வு நடத்தும் அமைப்புகளுக்குச் சட்டம் வந்தால் தேர்வெழுதுவோர் கூட்டம் பெருகும். நர்ஸ்களுக்கு, குறைந்த சம்பளத்துக்கு இன்னொருவர் தங்கள் வேலையில் நுழைகிறார் என்ற பயம். அதோடு, தவறான கையில் ஊசி போவதை எல்லோருக்கும் முன்னால் பார்க்கிறவர்கள் அவர்கள்தான் என்பதால் வரும் உண்மையான கவலையும் உண்டு. டாக்டர்களுக்கு, 'யாருக்கு என்ன வேலை கொடுப்பது என்று நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்' என்ற வசதி போய்விடும். உதவியாளர்களுக்கே இரண்டு மனம். மதிப்பு கூடும் என்ற ஆசை ஒரு பக்கம். கட்டணம், தேர்வு, புதுப்பிப்பு என்று ஏற்கெனவே மெலிந்த சம்பளத்தில் கை வைத்துவிடுவார்களே என்ற அச்சம் இன்னொரு பக்கம்.

இடையில் பொருளாதார அறிஞர்கள் வேறு. மில்டன் ஃப்ரீட்மன் 1962-ல் வெளியிட்ட 'முதலாளித்துவமும் சுதந்திரமும்' என்ற நூலில் பதிவு, சான்று, உரிமம் என்று மூன்று படிகளைப் பிரித்துக்காட்டினார். பதிவு என்பது பெயரை எழுதிவைப்பது. சான்று என்பது இவருக்குத் தகுதி உண்டு என்று சொல்வது, ஆனால் மற்றவர் செய்வதைத் தடுக்காது. உரிமம் என்பது இல்லாதவர் தொடவே கூடாது என்பது. அவர் மூன்றாவதற்கு எதிரி, டாக்டர்களுக்கே உரிமம் வேண்டாம் என்னும் அளவுக்குப் போனவர். அந்த எல்லைக்கு நான் போக மாட்டேன். ஆனால் அவர் பிரித்துக்காட்டிய படிகள் உதவும். 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் இருபதில் ஒருவருக்குத்தான் மாநில உரிமம் தேவைப்பட்டது. இப்போது நாலில் ஒருவருக்கு. இதைச் சுட்டிக்காட்டி, உரிமம் வேலைவாய்ப்பை அடைக்கிறது என்று 2015-ல் ஒபாமாவின் வெள்ளை மாளிகையே அறிக்கை வெளியிட்டது.

அதே 2015-ல் ஒரு வழக்கு. வட கரோலினா பல் மருத்துவ வாரியத்தில் எட்டு உறுப்பினர். ஆறு பேர் தொழில் செய்யும் பல் டாக்டர்கள். வணிக வளாகங்களில் பல்லை வெண்மையாக்கிக் கொடுத்தவர்களுக்கு, 'இது பல் மருத்துவம், நிறுத்துங்கள்' என்று அந்த வாரியம் கடிதம் மேல் கடிதம் அனுப்பியது. தொழிலில் இருப்பவர்களே வாரியத்தில் உட்கார்ந்துகொண்டு போட்டியாளரை விரட்டும்போது, அரசின் உண்மையான மேற்பார்வை இல்லையென்றால் போட்டிச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கும் கதை நமக்கும் புதிதில்லை. இங்கேயும் எந்தக் கவுன்சில் அமைந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான்.

சட்டமன்றங்கள் தயங்கிய காலத்தில் வேறொரு வழியாக வேலை நடந்தது. மருத்துவக் குறிப்புகளைக் கணினிக்கு மாற்றும் கிளினிக்குகளுக்கு அமெரிக்க மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுத்தது. டாக்டரின் உத்தரவைக் கணினியில் பதிபவர் உரிமம் பெற்ற பணியாளராகவோ சான்று பெற்ற மெடிக்கல் அசிஸ்டென்டாகவோ இருந்தால்தான் அது கணக்கில் சேரும் என்று 2012 விதி சொன்னது. அவ்வளவுதான், கிளினிக்குகள் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டன. அதற்காக ஒரு மாநிலச் சட்டமும் மாற வேண்டியிருக்கவில்லை, பணம் போன பாதையில் தகுதியும் போனது. நம் காப்பீட்டுத் திட்டங்களை நடத்துபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அதே 2012-ல்தான் வாஷிங்டன் மாநிலம் தன் சட்டத்தை நிறைவேற்றியது. 2013 ஜூலை 1 முதல் அமல். அங்கே 1984 முதலே 'ஹெல்த் கேர் அசிஸ்டென்ட்' என்று ஒரு முறை இருந்தது. ஏ முதல் ஜி வரை ஏழு எழுத்துப் பிரிவுகள். யார் எதைச் செய்யலாம் என்று டாக்டருக்கே அகராதி வேண்டியிருக்கும். அதைக் கலைத்துவிட்டு நான்கு வகை உதவியாளர்களை வைத்தார்கள்: பயிற்சியும் தேர்வும் முடித்துச் சான்று பெற்றவர், பதிவு மட்டும் பெற்றவர், ரத்தம் எடுப்பவர், டயாலிசிஸ் பார்ப்பவர். ஒவ்வொருவரும் தொடக்கூடிய வேலைகளைச் சட்டமே வரிசையாகச் சொல்கிறது. பட்டத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்ட சட்டம் என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆபத்து இருப்பது ஊசி முனையில். பிரஷர் பார்ப்பதற்கும் நரம்பில் மருந்து ஏற்றுவதற்கும் ஒரே அளவு கெடுபிடி வைத்தால் ஒன்று வீண், மற்றது போதாது.

இன்னொரு நல்ல பழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. புதிய சுகாதாரத் தொழில் ஒன்றுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று யாராவது கேட்டால், கட்டுப்பாடு இல்லாததால் மக்களுக்குத் தெளிவான தீங்கு உண்டா, குறைந்த தலையீட்டில் அதைத் தீர்க்க முடியாதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்லும் சட்டம் 1983 முதல் இருக்கிறது. கேட்டவரே ஆதாரம் காட்ட வேண்டும். நம் ஊரில் மசோதா விவாதமின்றி நிறைவேறிய பிறகுதான் அதனால் என்ன ஆகும் என்று நாம் பேசத் தொடங்குவோம்.

'பதிவு மட்டும் பெற்றவர்' என்ற இரண்டாம் வகைக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கிராமப்புறச் சிறு கிளினிக்குகளுக்கு முறையாகப் படித்த உதவியாளர் கிடைப்பதில்லை. ஆகவே தேர்வு இல்லாமல், அந்தக் கிளினிக்கோ டாக்டரோ 'இவருக்கு இன்னின்ன வேலை தெரியும், நான் உறுதி சொல்கிறேன்' என்று எழுதிக்கொடுத்தால் போதும். அவர் தடுப்பூசி போடலாம், எளிய பரிசோதனைகள் செய்யலாம். நரம்பில் மருந்து ஏற்றும் வேலையெல்லாம் கிடையாது. நடைமுறை அறிந்த ஏற்பாடு.

ஆனால் ஒரு முள். அந்த உறுதிமொழி அந்த டாக்டரோடு, அந்தக் கிளினிக்கோடு முடிந்துவிடும். வேறு இடத்துக்குப் போனால் புதிய முதலாளி புதிதாக எழுதிக்கொடுக்க வேண்டும். பத்து வருட அனுபவம் இருந்தாலும் வாசல் தாண்டியதும் அவர் கையில் எதுவும் இல்லை. உரிமத்தில் இருப்பது தொழிலாளியின் பெயர், அதன் சாவி முதலாளியின் பையில். சம்பள உயர்வு கேட்கும் ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

என் கிளினிக்கை மூடியபோது அந்தப் பெண் என்னிடம் ஒரு கடிதம் கேட்டார். லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுத்தேன்: பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தார், ஊசி, ட்ரிப்ஸ், டிரெஸ்ஸிங் எல்லாம் அறிந்தவர், நேர்மையானவர். அடுத்து அவர் போன நர்ஸிங் ஹோமில் அதைப் பார்த்துவிட்டு, "சார் பிராக்டீஸ் விட்டுட்டாரே" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். உதவியாள் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டு, நர்ஸ் வேலையைக் கொடுத்தார்கள். வாஷிங்டன் சட்டத்தின் அந்தப் பிரிவைப் படித்தபோது என் லெட்டர்ஹெட்தான் நினைவுக்கு வந்தது.

நம் கதைக்கு வருகிறேன். இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. நர்ஸ்களுக்குச் சென்னை மாகாணத்தில் 1926-லேயே சட்டம் வந்துவிட்டது, மருந்தாளுநர்களுக்கு 1948-ல். லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் பார்ப்பவர் போன்றவர்கள் சுதந்திரம் கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். அந்த வகையில் இது வரவேற்க வேண்டிய சட்டம். பத்துப் பிரிவுகள், ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்கள். ஒவ்வொரு மாநிலமும் ஆறு மாதத்துக்குள் ஒரு கவுன்சில் அமைக்க வேண்டும். ஆறு மாதம் மூன்று ஆண்டாகியும் பல மாநிலங்கள் அசையவில்லை. 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு இரண்டு மாதக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

ஒன்பதாவது பிரிவில் 'ஃபிசிஷியன் அசோசியேட்' என்ற பெயர் இருக்கிறது. நம்மவர்கள் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட் என்று அழைக்கும் பட்டப்படிப்பு அது. இந்தியாவில் அந்தப் படிப்பு 1992-ல் சென்னையில்தான், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் முயற்சியில் தொடங்கியது. இதய அறுவைக்கூடத்தில் டாக்டருக்கு அடுத்து நிற்பவர்கள். இவர்களையும் நான் சொல்லும் கிளினிக் உதவியாளர்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவிலும் இவை இரண்டு வேறு தொழில்கள்.

இந்தச் சட்டம் அளப்பது படிப்பின் மணிக்கணக்கை. இணைத் தொழில் என்றால் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில்முறையாளர் என்றால் 3,600. ஏற்கெனவே அங்கீகரித்த தொழில்களில் இருப்பவர்களுக்குத் தற்காலிகப் பதிவுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் ஊசி போடும் பெண்ணின் வேலை அந்தத் தொழில்களில் ஒன்றாகவே இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர் தெரியவில்லை. தெரியாதவரை ஒழுங்குபடுத்தவும் முடியாது, காப்பாற்றவும் முடியாது. நாளை ஏதாவது ஓர் ஊசி தவறிச் செய்தியானால், அதிகாரிகள் படையெடுத்து அவரைப் பிடித்து 'போலி நர்ஸ்' என்று படம் போடுவார்கள். சாத்துக்குடி கொடுத்த டாக்டர் படத்தில் இருக்க மாட்டார்.

'படித்த நர்ஸை வைத்துக்கொள்ளுங்கள், தீர்ந்தது' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சொல்வது எளிது. படித்த நர்ஸ் பெரிய மருத்துவமனைக்குப் போவார், வெளிநாடு போவார். போகட்டும், அது அவர் உரிமை. சின்ன ஊர் டாக்டர் நாளைக்கும் யாரையோ கூப்பிட்டுச் சிரிஞ்சைக் கொடுப்பார். அந்த 'யாரையோ' என்பவருக்கு ஒரு பெயரும் ஒரு பயிற்சியும் ஓர் எல்லைக்கோடும் வைப்பதா, அல்லது இப்படி ஒருவர் இல்லை என்று எல்லோரும் சேர்ந்து நடிப்பதா என்பதுதான் விஷயம்.

வழி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. கம்பவுண்டரை நினைத்துப் பாருங்கள். அளவுக்கோடு ஒட்டிய பாட்டிலில் சிவப்புத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர். 1948 மருந்தியல் சட்டம் வந்தபோது அவரை ஒரே நாளில் தெருவுக்கு அனுப்பவில்லை. முதல் பதிவேட்டைத் திறக்கும்போது, பட்டம் பெற்றவர்களோடு, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். பிறகு கதவை மெல்லச் சாத்தி, இனி வருகிறவர் படித்துத்தான் வர வேண்டும் என்றார்கள். ஒரு தலைமுறையில் கம்பவுண்டர் என்ற சொல்லே மறைந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு மருந்துக் கடைக்குப் பின்னால் நின்று பார்த்த அனுபவம் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அதே கதவைக் கிளினிக் உதவியாளருக்கும் திறக்கலாம். மருத்துவத் தொழில் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிளினிக்குகளைப் பதிவு செய்யும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் கையில் இருக்கிறது. அதன் விதிகளில், கிளினிக்கில் ஊசி தொடுபவர் யார், எங்கே பழகினார் என்ற பட்டியலைக் கேட்கட்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் சில வாரப் பயிற்சி, கையால் செய்துகாட்டும் தேர்வு. தேர்ந்தவருக்கு எண் போட்ட அட்டை. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அது அவரோடு போக வேண்டும், டாக்டர் கையெழுத்தோடு கட்டிப்போடக் கூடாது. கட்டணத்தை வேலைக்கு வைக்கும் டாக்டர் கட்டட்டும். உதவியாளர் சம்பளத்தில் பிடித்தால் இந்தச் சட்டமே அவருக்குத் தண்டனையாகிவிடும். அட்டை இல்லாதவர் கையில் சிரிஞ்சைக் கொடுத்தால் நோட்டீஸ் டாக்டருக்குப் போக வேண்டும். என் நண்பர்கள் இதைப் படித்து என்னோடு பேசாமல் போகலாம். போகட்டும்.

சென்ற வாரம் அந்தப் பெண் போன் செய்தார். அவர் மகள் இப்போது பி.எஸ்ஸி. நர்ஸிங் இரண்டாம் ஆண்டு. அதைச் சொல்லிவிட்டு, "சார், ஏதோ கவுன்சில்ல எல்லாரும் பதியணும்னு நர்ஸிங் ஹோம்ல பேசிக்கிறாங்க. நான் எந்தப் பேர்ல பதியறது?" என்று கேட்டார். போனை வைக்காமலேயே சட்டத்தின் அட்டவணையை எடுத்தேன். பத்துப் பிரிவுகளையும் ஒருமுறை பார்த்தேன். ஒன்பதாவதை மட்டும் இன்னொரு முறை விரல் வைத்துப் பார்த்தேன். "நாளைக்குக் கூப்பிடும்மா" என்றேன்.